குளவி கொட்டிய பிறகு

புழுவைக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்பது நம்மிடையே வெகுகாலமாக வழங்கும் நம்பிக்கை. வேதாந்த விரிவுரைகளில் இதைப் பிரமர கீட நியாயம் என்று பெயர் சொல்லி எடுத்துக்காட்டுவார்கள். சுவரில் மண்கூடு கட்டும் குளவி பச்சைப் புழுவொன்றைக் கவ்வி வந்து உள்ளே வைத்து அடைத்துவிட்டுப் போகிறது. பின்னொரு நாள் அதே கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு குளவி வெளிவருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. கண்ணால் கண்டதை வைத்துச் சொன்ன முடிவுதான் அது. ஐரோப்பாவிலும் இதே தடுமாற்றம் இருந்தது. முட்டைக்கோஸ் புழுவின் மேல் ஒட்டியிருந்த சிறுசிறு மஞ்சள் கூடுகளைப் பார்த்த இத்தாலிய இயற்கையாளர் உலிசே அல்ட்ரோவாண்டி, 1602இல் அவற்றைப் புழுவின் முட்டைகள் என்று எழுதினார். உண்மையில் அவை, புழுவின் தோலைத் துளைத்து வெளியேறிய குளவிப் புழுக்கள் பின்னிக்கொண்ட கூடுகள்.

இன்று இந்தக் குழப்பம் யாருக்கும் இல்லை. குளவியின் முட்டை, புழுவின் மேலோ உள்ளேயோ பொரிந்து, அதைத் தின்று வளர்கிறது என்பது பள்ளிப் பாடம். ஆனால் தின்பதற்கு முன்னால் நடப்பவை பாடத்தில் அதிகம் வருவதில்லை. முட்டை இறங்கிய கணம் முதல் குளவி வெளியேறும் நாள் வரை, ஓம்புயிரியான அந்தப் பூச்சியின் இரத்தம், ஹார்மோன், கொழுப்பு, சூலகம், நரம்பு எல்லாம் வேறொருவர் கணக்கில் ஓடுகின்றன. இதில் மக்களைக் கவர்ந்தது நடத்தை மாற்றம்தான்: புத்தி பேதலித்த கரப்பான்பூச்சி, தன்னைக் கொன்றவனின் பிள்ளைக்குக் காவல் நிற்கும் புழு. ‘ஜாம்பி’ என்ற பெயரில் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. என் பார்வையில் அவை இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் மட்டுமே. இரத்தத்திலும் ஹார்மோனிலும் நடப்பவைதான் அடிப்படை. அங்கே போய் ‘இதையெல்லாம் செய்வது யார்’ என்று கேட்டால், குளவியைத் தவிர வேறு பலரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

ஒட்டுண்ணிக் குளவிகளில் இரண்டு வாழ்க்கை முறைகள் உண்டு. ஒருவகை, கொட்டியவுடன் ஓம்புயிரியை உறைய வைத்துவிடும். அது மேற்கொண்டு வளராது, கிடக்கும் இறைச்சியைக் குளவிப் புழு தின்று முடிக்கும். மற்ற வகை, ஓம்புயிரியை நடமாட விட்டு, மேய விட்டு, அது சேர்க்கும் சத்தில் தானும் வளரும். முதல் வகைக்கு நல்ல நஞ்சு இருந்தால் போதும். இரண்டாவது வகையின் சிக்கல் பெரிது. உயிருள்ள உடலுக்குள் வாரக்கணக்கில் குடியிருக்க வேண்டும். அந்த உடலின் பாதுகாப்பு தன்னைக் கண்டுகொள்ளக் கூடாது. அந்த உடல் சீக்கிரம் சாகவும் கூடாது, தன் போக்கில் அந்துப்பூச்சியாக மாறிப் பறந்துவிடவும் கூடாது.

முதல் வகையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தென்னையைத் தாக்கும் கருந்தலைப் புழுவுக்கு எதிராக நம் தோப்புகளில் விடப்படும் பிராக்கான் குளவி இந்த வகை. இதன் நெருங்கிய உறவான பிராக்கான் ஹெபிட்டரின் நஞ்சை 1950களில் அளந்து பார்த்தார்கள். புழுவின் இரத்தத்தில் 20 கோடியில் ஒரு பங்கு கலந்தாலே அது நிரந்தரமாக முடங்கிவிடுகிறது. நரம்பு தசைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவிடாமல், இணைப்பு முனையில் குளுட்டமேட் என்ற சேதிப்பொருள் வெளியேறுவதையே இது தடுக்கிறது. புழுவின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், உடல் அழுகாது, அசைவு மட்டும் இருக்காது. கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக அட்டையில் ஒட்டிக் கட்டப்படும் டிரைக்கோகிரம்மாவும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டு, உள்ளிருக்கும் கருவின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது வகைக்கு வருவோம். பூச்சிகளுக்கு நமக்குள்ளது போன்ற எதிர்ப்பான்கள் (ஆன்டிபாடி) கிடையாது. ஆனால் அந்நியப் பொருள் எதுவும் உள்ளே நுழைந்தால், இரத்த அணுக்கள் ஓடிவந்து அடுக்கடுக்காக அதன்மேல் ஒட்டி ஓர் உறை கட்டும்; பிறகு மெலனின் படிந்து உறை கறுத்து இறுகும்; உள்ளே மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். குளவியின் முட்டை இந்த அணுக்களை விடப் பல மடங்கு பெரியது, ஒளிந்துகொள்ள வழியில்லை. அப்படியிருந்தும் எப்படித் தப்புகிறது?

கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் சால்ட் இந்தக் கேள்வியோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். மாவு அந்துப்பூச்சியின் புழுவில் முட்டையிடும் வெஞ்சூரியா கேனசென்ஸ் என்ற குளவியை எடுத்துக்கொண்டார். அதன் முட்டைப்பையிலிருந்து நேரடியாக எடுத்த முட்டையைப் புழுவுக்குள் வைத்தால், அணுக்கள் சூழ்ந்து உறை கட்டின. கருக்குழாயின் ஒரு குறிப்பிட்ட பகுதியைக் கடந்து வந்த முட்டையை அவை சீண்டவே இல்லை. அந்தப் பகுதியில் முட்டையின் மேல் ஏதோ பூசப்படுகிறது என்பது தெளிவாயிற்று. மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பூச்சு, வைரஸ் போன்ற துகள்களாகத் தெரிந்தது.

1981இல் எட்சன், வின்சன், ஸ்டோல்ட்ஸ், சம்மர்ஸ் ஆகிய நால்வர் வேறொரு குளவியில் இதை உறுதிப்படுத்தினர். கருக்குழாய்த் திரவத்திலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து, கழுவிய முட்டையோடு சேர்த்துப் புழுவுக்குள் செலுத்தினால் முட்டை பிழைத்தது. வைரஸைப் புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்துவிட்டுச் செலுத்தினால் பிழைக்கவில்லை. நோய் தர வேண்டிய வைரஸ் இங்கே ஒரு தாயின் சீதனமாக இறங்குகிறது.

இந்த வைரஸ்களைப் பாலிட்னாவைரஸ் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். இவற்றைப் போல விநோதமான அமைப்பு உயிரியலில் அதிகம் இல்லை. வைரஸை உருவாக்கும் மரபணுக்கள் எல்லாம் குளவியின் குரோமோசோம்களுக்குள்ளேயே பதிந்து கிடக்கின்றன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பிள்ளைக்கு வருகின்றன. பெண் குளவியின் கருக்குழாயில் மட்டும் அவை விழித்து, துகள்களைக் கட்டுகின்றன. துகளின் உள்ளே அடைக்கப்படும் டிஎன்ஏ வட்டங்களில், இன்னொரு துகளை உருவாக்கத் தேவையான மரபணுக்கள் கிடையாது. ஆகவே புழுவுக்குள் போன வைரஸ் பெருகவே முடியாது. அது புழுவின் செல்களுக்குள் புகுந்து, சுமந்து வந்த மரபணுக்களை அங்கே இயங்க விடுகிறது, அவ்வளவுதான். அந்த மரபணுக்கள் செய்யும் வேலை முழுக்கக் குளவிக்குச் சாதகமானது. மைக்ரோப்ளைட்டிஸ் டெமாலிட்டர் என்ற குளவியில் மைக்கேல் ஸ்ட்ராண்டின் குழு இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு புரதம் மெலனின் உருவாகும் தொடர்வினையைத் தொடக்கத்திலேயே முறிக்கிறது. இன்னொன்று, நோய் எதிர்ப்பு மரபணுக்களை எழுப்பும் சமிக்ஞைப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மற்றொன்று இரத்த அணுக்களைத் தாமே மடியச் செய்கிறது.

இது எங்கிருந்து வந்தது? 2009இல் பிரான்சின் தூர் நகர ஆய்வாளர்கள் பிராக்கோனிட் குடும்பக் குளவிகளின் வைரஸுக்கு மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். பூச்சிகளைத் தாக்கும் நூடிவைரஸ் என்ற பழைய குடும்பத்தின் ஒரு வைரஸ், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாதைக் குளவியின் மரபணுத் தொகுதியில் சிக்கிக்கொண்டது. அதன் வழித்தோன்றல்களான ஆயிரக்கணக்கான இனங்கள் அந்தச் சிறைப்பட்ட வைரஸை இன்றும் சுமக்கின்றன. இக்நியூமோனிட் குடும்பக் குளவிகளின் வைரஸ் வேறொரு மூலத்திலிருந்து, தனியாக வந்தது. சால்ட்டின் வெஞ்சூரியா இன்னும் ஒரு படி மேலே. அதன் முன்னோர்களிடம் இருந்த வைரஸ் செயலிழந்து போய்விட்டது. பிறகு வேறொரு நூடிவைரஸ் பிடிபட்டு, அதன் துகள்கள் டிஎன்ஏ இல்லாமல் புரதத்தை மட்டும் சுமக்கும் வண்டிகளாகிவிட்டன. 2015இல்தான் இது வெளிப்பட்டது. ஒரே தந்திரம் தனித்தனியாகப் பலமுறை கைகூடியிருக்கிறது என்றால், உள்ளே குடியிருக்கும் வாழ்க்கைக்கு அது எவ்வளவு உதவியிருக்க வேண்டும்!

எல்லாக் குளவிகளும் வைரஸ் வைத்திருப்பதில்லை. டிரோசோபிலா ஈயின் புழுவைத் தாக்கும் லெப்டோபிலினா குளவிகள் நஞ்சைக் கொண்டே ஈயின் உறைகட்டும் அணுக்களை உருக்குலைக்கின்றன, சில கொன்றும்விடுகின்றன. வேறு சில குளவிகளில், முட்டை பொரிந்ததும் அதைச் சுற்றியிருந்த சவ்வின் செல்கள் தனித்தனியாகப் பிரிந்து புழுவின் இரத்தத்தில் மிதக்கத் தொடங்குகின்றன. டெரட்டோசைட் எனப்படும் இவை பிரிந்து பெருகுவதில்லை. ஒவ்வொன்றும் பூதாகாரமாக வீங்கி, நொதிகளைச் சுரந்து, புழுவின் திசுக்களைக் குளவிக் குஞ்சுக்கு ஏற்ற உணவாகப் பக்குவப்படுத்துகின்றன.

பாதுகாப்பை வென்றாயிற்று. அடுத்தது காலம். புழு கூட்டுப்புழுவாவதை இரண்டு ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. இளமை ஹார்மோன் அதிகம் இருக்கும்வரை புழு புழுவாகவே தோலுரிக்கும். அது குறைந்து, தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோன் எழுந்தால் உருமாற்றம். அமெரிக்காவின் புகையிலைக் கொம்புப்புழுவில் முட்டையிடும் கோட்டேசியா கான்கிரகேட்டா குளவியை நான்சி பெக்கேஜ் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். குளவி புகுந்த புழுவில், இளமை ஹார்மோனைச் சிதைக்க வேண்டிய நொதி அடங்கிப் போகிறது. ஹார்மோன் உயர்ந்தே நிற்கிறது. புழு உருமாறும் வாசலில் அப்படியே நின்றுவிடுகிறது. கெலோனஸ் இனக் குளவிகள் இதற்கு நேர் எதிராக நடக்கின்றன. அந்துப்பூச்சியின் முட்டையில் தம் முட்டையை இட்டு, புழு வளரும்வரை காத்திருந்து, அது உரிய பருவத்துக்கு முன்பே உருமாற்றத்துக்கு ஆயத்தமாகும்படி செய்கின்றன. ஒருத்திக்கு ஓம்புயிரி தாமதிக்க வேண்டும், இன்னொருத்திக்கு அவசரப்பட வேண்டும். இருவரும் திருகுவது ஓம்புயிரியிடம் ஏற்கெனவே உள்ள அதே இரண்டு ஹார்மோன்களைத்தான்.

பிறகு சத்து. பட்டாணி அசுவினியில் முட்டையிடும் அஃபிடியஸ் எர்வி என்ற குளவியின் நஞ்சில் உள்ள ஒரு நொதி, அசுவினியின் சூலகத்தில் உள்ள செல்களை மடியச் செய்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அசுவினி நாளும் குட்டி போடும் பூச்சி; அதன் உணவில் பெரும்பங்கு கருவுக்கே போகும். சூலகத்தை மூடிவிட்டால் அத்தனையும் குளவிக் குஞ்சுக்கு. கோப்பிடோசோமா ஃப்ளோரிடேனம் வேறொரு எல்லைக்குப் போகிறது. இது இடும் ஒரே முட்டை, புழுவுக்குள் பிரிந்து பிரிந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருக்களாகிறது. அவற்றில் ஒரு பகுதி முந்திப் பொரிந்து, கூரிய தாடைகளோடு, உள்ளே நுழையும் போட்டிக் குளவிகளின் புழுக்களைக் கடித்துக் கொல்லும் சிப்பாய்களாகத் திரிகின்றன. இவை ஒருபோதும் குளவியாவதில்லை. உடன்பிறந்தாருக்காகப் போரிட்டுச் சாகின்றன. இத்தனை வாய்க்கும் உணவு வேண்டுமே. குடியேற்றத்துக்கு ஆளான புழு சாதாரணப் புழுவை விடப் பெரிதாக வளர்கிறது.

ஓர் ஓம்புயிரியின் உடலோடு இவ்வளவு நுட்பமாகப் பொருந்தியிருப்பதால்தான் பெரும்பாலான ஒட்டுண்ணிகள் ஒன்றிரண்டு இனங்களோடு கட்டுண்டு கிடக்கின்றன. இதன் நடைமுறை அர்த்தம் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இரண்டு முறை புரிந்தது. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. மருந்தடித்தும் அடங்கவில்லை, மாவுக்கவசம் மருந்தை ஒட்டவிடாது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று குளவி இனங்கள் தருவிக்கப்பட்டு விடப்பட்டன. அவற்றில் அசெரோஃபேகஸ்தான் வேலையைச் செய்தது. அடுத்தது மரவள்ளி மாவுப்பூச்சி. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளில் புகுந்தது. 1980களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய அனாகைரஸ் லோபசி குளவியை, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்தது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் 2022இல் அது விடப்பட்டது. பூச்சியின் தாயகத்துக் குளவியையே தேடிப் பிடித்து வருவது சம்பிரதாயம் கருதி அல்ல. உள்ளூர்க் குளவிகளுக்கு அந்த உடலின் பூட்டைத் திறக்கும் சாவி பெரும்பாலும் இருப்பதில்லை.

இனி நடத்தைக்கு வரலாம். இதில் மிகத் தீர ஆராயப்பட்டது மரகத நிறத்தில் மின்னும் ஆம்பியூலெக்ஸ் கம்ப்ரெசா. தெற்காசியாவும் ஆப்பிரிக்காவும் இதன் தாயகம், நம் வீட்டுக் கரப்பான்பூச்சிதான் இரை. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் லிபர்சாட் குழு இதன் இரண்டு கொட்டல்களையும் பிரித்துக் காட்டியது. முதல் கொட்டு மார்பில், முன்னங்கால்களை இயக்கும் நரம்பு முடிச்சில் விழுகிறது. அங்கே இறங்கும், நரம்பை அடக்கும் காபா போன்ற பொருள்கள் இரண்டு மூன்று நிமிடம் அந்தக் கால்களைச் செயலிழக்கச் செய்கின்றன. அந்த அவகாசம் இரண்டாவது கொட்டுக்காக. கழுத்தின் மெல்லிய தோல் வழியே ஊசி நேரே மூளைக்குள் போகிறது. கதிரியக்கக் குறியிட்ட நஞ்சு மூளையின் மையத்திலும் தொண்டைக்குக் கீழுள்ள முடிச்சிலும் சேர்ந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். குளவிக்கு அந்த இடம் எப்படித் தெரிகிறது? ஊசியின் நுனியிலேயே தொடு உணர்வு உறுப்புகள் இருக்கின்றன. மூளையை அகற்றிய கரப்பானைக் கொடுத்தபோது, குளவி பல மடங்கு நேரம் தலைக்குள் ஊசியால் துழாவிக்கொண்டே இருந்தது.

நஞ்சில் டோபமின் இருக்கிறது. அதனால் கரப்பான் அரை மணி நேரம் தன்னைத்தானே துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் குளவி பொந்து தேடிப் போய் வருகிறது. வந்ததும் கரப்பானின் உணர்கொம்பைப் பாதியில் வெட்டி, கசியும் இரத்தத்தைக் குடித்துவிட்டு, மிச்சக் கொம்பைப் பிடித்து இழுக்கிறது. மூக்கணாங்கயிறு போட்ட மாடு போலக் கரப்பான் பின்னால் நடக்கிறது. முடக்குவாதம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புரட்டிப் போட்டால் நிமிரும், தண்ணீரில் போட்டால் நீந்தும். தானாக நடையைத் தொடங்கும் முனைப்பு மட்டும் போய்விடுகிறது. பூச்சிகளில் விழிப்புக்கும் முனைப்புக்கும் காரணமான ஆக்டோபமின் அமைப்பு தாழ்ந்துபோவதே இதற்குக் காரணம் என்று தெரிகிறது. ஆக்டோபமின் போலச் செயல்படும் மருந்தைச் செலுத்தியபோது கொட்டுப்பட்ட கரப்பான் மறுபடி நடந்தது. கொட்டுப்பட்டது ஆக்சிஜனைக் குறைவாகச் செலவழிப்பதால் அதன் இறைச்சியும் நாள்பட நிற்கிறது. நடுக்காலின் அடியில் முட்டையை ஒட்டி, பொந்தின் வாயைக் கற்களால் அடைத்துவிட்டுக் குளவி போய்விடும். பொரிந்த புழு உள்ளே நுழைந்ததும் மெல்லீன் முதலிய நுண்ணுயிர்க் கொல்லிகளைத் தன் வாயிலிருந்து கரப்பானின் உட்சுவரில் பூசுகிறது. கரப்பானின் உடலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்களை அவை அடக்குவதை 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கரப்பான் சும்மா கொட்டு வாங்குவதாகவும் நினைக்க வேண்டாம். கென்னத் கட்டானியா 2018இல் வெளியிட்ட ஆய்வில், உடலை உயர்த்தி நின்று, முள் நிறைந்த பின்னங்காலால் குளவியின் தலையில் ஓங்கி உதைத்த கரப்பான்கள் பல தப்பித்தன. காணொளிகளில் இந்தக் காட்சி அபூர்வம்.

மெய்க்காவல் கதைகள் வேறு வகை. பிரேசிலில் கொய்யா, யூகலிப்டஸ் இலைகளைத் தின்னும் தைரின்டெய்னா புழுவுக்குள் கிளிப்டாபான்டெலஸ் குளவி எண்பது வரை முட்டைகள் இடுகிறது. வளர்ந்த குளவிப் புழுக்கள் வெளியேறிப் பக்கத்திலேயே கூடு பின்னிக்கொள்கின்றன. உயிர் தப்பிய அந்தப் புழு எங்கும் போகாமல், தின்னாமல், கூடுகளின் மேல் வளைந்து நின்று, நெருங்கும் நாவாய்ப்பூச்சிகளைத் தலையால் அடித்து விரட்டுகிறது. குளவிகள் பறந்த பிறகு சாகிறது. 2008இல் வெளியான இந்த ஆய்வின் பெருமை ஒரு காரியத்தில் இருக்கிறது. காவல் புழுவை அகற்றிவிட்டு எத்தனை கூடுகள் பிழைக்கின்றன என்று வயலில் எண்ணிப் பார்த்தார்கள். காவல் இல்லாத இடத்தில் சாவு இருமடங்கு. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ‘குளவி ஆட்டிவைக்கிறது’ என்று எழுதப்பட்ட பலவற்றில் இந்தக் கடைசிக் கணக்கே இல்லை. நோயுற்ற பூச்சி விநோதமாக நடப்பது இயல்பு. அந்த விநோதம் குளவிக்கு லாபம் தருகிறது என்று அளந்து காட்டாதவரை, அதைத் தந்திரம் என்பது நம் கற்பனை. எல்லாப் புழுக்களும் வெளியேறுவதில்லை, ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடுகின்றன என்பதும் இந்த ஆய்வில் தெரிந்தது. அவை உடன்பிறந்தாருக்காகத் தங்கிக் காவலாளியை இயக்குகின்றனவா என்பது இன்னும் ஊகம்தான்.

பொறிவண்டு கதையில் குளவி பின்னுக்குப் போய்விடுகிறது. டைனோகாம்பஸ் காக்சினெல்லே என்ற குளவியின் புழு, பொறிவண்டின் வயிற்றிலிருந்து வெளியேறி, அதன் கால்களுக்கு நடுவே கூடு கட்டுகிறது. வண்டு அந்தக் கூட்டைக் கட்டிப்பிடித்தபடி, அவ்வப்போது துடித்துக்கொண்டு, எதிரிகளை அண்டவிடாமல் நிற்கிறது. ஃபேனி மோர் குழு 2011இல் கண்டபடி, வண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பிறகு பிழைத்து எழுகிறது. தின்று முடிக்கப்பட்ட உடல் எழுந்து நடப்பதே ஆச்சரியம். அதைவிட, குளவிப் புழு வெளியேறிய பின்னும் முடக்கம் தொடர்வது எப்படி? 2015இல் ஒரு தடயம் கிடைத்தது: பொறிவண்டின் மூளையில் ஓர் ஆர்என்ஏ வைரஸ். குளவியின் கருக்குழாயில் இருந்து, குளவிப் புழுவில் பெருகி, வெளியேறும் தறுவாயில் வண்டுக்குள் பரவுகிறது; வண்டின் நரம்புத் திசுவில் சேதம் தெரிகிறது; வண்டு தேறும்போது வைரஸும் மறைகிறது. பாலிட்னாவைரஸ் போல இது குளவியின் மரபணுவுக்குள் கட்டுண்டதல்ல, சுதந்திரமான வைரஸ். அப்படியானால் காவலாளியை நியமித்தது யார்?

புகையிலைக் கொம்புப்புழுவிலும் இதே கேள்வி வேறு உருவில் எழுகிறது. கோட்டேசியா குஞ்சுகள் வெளியேறிய பின் அந்தப் புழு தின்பதை நிறுத்திவிடுகிறது. நிறுத்தாவிட்டால் முதுகிலிருக்கும் கூடுகளையே தின்றுவிடக்கூடும். ஷெல்லி அடாமோ இதில் கண்டது, புழுவின் இரத்தத்தில் ஆக்டோபமின் எகிறுவதையும் நோய் எதிர்ப்புச் சமிக்ஞைகள் பெருகுவதையும். காய்ச்சல் வந்தால் நமக்குப் பசி அடங்குவதற்கும் இத்தகைய சமிக்ஞைகளே காரணம். குளவி புதிதாக மூளைக்கு எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பூச்சியின் நோய் எதிர்ப்பு மண்டலமே அதன் பசியை அடக்கும்படி தூண்டிவிட்டிருக்கலாம் என்பது அவர் வாதம். எனக்கு இந்த வாதம் ஜாம்பிக் கதைகளைவிட நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. கரப்பானின் டோபமின், புழுவின் ஹார்மோன், அசுவினியின் சூலகம் எல்லாவற்றிலும் இதே சிக்கனம்தான் தெரிகிறது.

பூச்சிகள் அல்லாத சிலந்திகளிலும் இதற்குச் சான்று உண்டு. கோஸ்டா ரிக்காவில் வில்லியம் எபர்ஹார்ட் 2000இல் விவரித்த சிலந்தி, தன்மேல் ஒட்டியிருக்கும் குளவிப் புழு தன்னைக் கொல்லப்போகும் இரவில், வழக்கமான வட்ட வலைக்குப் பதில் குளவிக் கூட்டைத் தொங்கவிட ஏற்ற உறுதியான சில இழைகளை மட்டும் பின்னுகிறது. பின்னாளைய ஆய்வுகளில், இப்படி மாறிய சிலந்திகளின் உடலில் தோலுரிப்பு ஹார்மோன் உயர்ந்திருந்தது. தோலுரிக்கும் முன் சிலந்திகள் இயல்பாகவே எளிய வலை கட்டும்.

ஓம்புயிரிகள் என்ன செய்கின்றன? டிரோசோபிலா ஈயின் புழு, தனக்குள் குளவி இருந்தால் சாராயம் மிகுந்த அழுகல் பழத்தை நாடிப் போகிறது; போதை உள்ளிருப்பவனைக் கொல்கிறது. தாய் ஈ, குளவியைக் கண்ணால் பார்த்தாலே சாராயம் உள்ள இடத்தில் முட்டையிடுகிறது. அசுவினிகளில் சில, ஹாமில்டோனெல்லா என்ற பாக்டீரியாவை உடலில் வைத்திருக்கின்றன. அது குளவிப் புழுவைக் கொல்லும். நுணுகிப் பார்த்தால் கொல்லும் நஞ்சு பாக்டீரியாவினுடையதும் அல்ல, அந்தப் பாக்டீரியாவுக்குள் வாழும் ஒரு வைரஸினுடையது. எர்வி குளவி இதற்கும் சளைக்கவில்லை. காப்புள்ள அசுவினியில் ஒன்றுக்கு இரண்டாக முட்டையிடுகிறது.

குளவியையும் ஆட்டிவைக்கிறவர்கள் உண்டு. லெப்டோபிலினா குளவி ஏற்கெனவே முட்டையிட்ட புழுவில் மறுபடி முட்டையிடாது. ஒரு வகை வைரஸ் தொற்றினால் இடும். அதன் வழியாக வைரஸ் புதிய குளவிக் குஞ்சுக்குத் தாவுகிறது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் கண்டது இதைவிடச் சுவையானது. கோட்டேசியா வகைக் குளவி புகுந்த முட்டைக்கோஸ் புழு கடித்த செடி, சாதாரணப் புழு கடித்த செடியிலிருந்து வேறுபட்ட வாசனையை வெளியிடுகிறது. அந்த வாசனையைப் பிடித்து லிசிபியா நானா என்ற இன்னொரு குளவி வருகிறது. அதற்கு வேண்டியது புழு அல்ல, புழுவிலிருந்து வெளியேறிக் கூடு பின்னிக்கொள்ளும் கோட்டேசியா. 2018இல் அதே குழு, கோட்டேசியாவின் பாலிட்னாவைரஸை மட்டும் புழுவுக்குள் செலுத்தியபோதே அதன் எச்சில் மாறி, செடியின் வாசனை மாறி, எதிரி வந்துவிடுவதைக் காட்டியது. காப்பாற்ற வந்த வைரஸே காட்டிக் கொடுக்கிறது.

இந்த வலைப்பின்னலில் நம் தலையீட்டைப் பற்றி யோசிக்க வைப்பது இன்னொரு கண்டுபிடிப்பு. பாலிட்னாவைரஸின் டிஎன்ஏ புழுவின் செல்களில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடியது. பெரும்பாலும் அந்தப் புழு செத்துவிடும், கணக்கு முடிந்தது. ஆனால் எப்போதாவது ஒரு புழு பிழைத்து, அந்துப்பூச்சியாகி, முட்டையிட்டால்? 2015இல் பிரான்ஸ், ஸ்பெயின் ஆய்வாளர்கள் பட்டுப்புழு, மொனார்க் வண்ணத்துப்பூச்சி, நம் மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழு ஆகியவற்றின் மரபணுத் தொகுதியிலேயே குளவி வைரஸின் துண்டுகள் நிரந்தரமாகப் பதிந்திருப்பதைக் கண்டார்கள். இவை மனிதன் கைபடாமலே மரபணு மாற்றம் பெற்ற பூச்சிகள் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தத் துண்டுகள் சில சும்மா இல்லை. படைப்புழுவின் உறவினங்களில் அவை பாகுலோவைரஸ் நோயிலிருந்து காப்பாற்றுகின்றன. 2021இல் இதே துறையினர் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: புழுக்களைத் தாக்கும் சில வைரஸ்களிலும் சில அந்துப்பூச்சிகளின் மரபணுக்களிலும், உள்ளே வளரும் குளவிகளைக் கொல்லும் புரதம் ஒன்று இருக்கிறது. ஒரே புழுவுக்குப் போட்டியிடும் வைரஸ் குளவியைக் கொல்லப் பயன்படுத்திய ஆயுதத்தைப் புழுவும் வைத்துக்கொண்டிருக்கிறது.

பூச்சிக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய ஒட்டுண்ணிக் குளவிகளை உருவாக்கினால், மருந்தடிப்பையும் குளவி விடுவதையும் சேர்த்தே செய்யலாம் என்ற யோசனை உண்டு. 2015 ஆய்வாளர்கள் எச்சரித்தது அதைப் பற்றித்தான். பாலிட்னாவைரஸ் சுமக்கும் குளவிக்குள் வைக்கும் மரபணு, குளவியோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்தப் புழுவைக் கொல்ல அந்தக் குளவியை வயலில் விடுகிறோமோ அந்தப் புழுவுக்கே மருந்தைத் தாங்கும் மரபணு போய்ச் சேரலாம்.